லீன், அஜைல்: மெலிஞ்சதா, செட்டா?

ஆபீஸ்ல "லீன்"ங்கிற வார்த்தை (வீணைக் குறைச்சு வேலை நடத்துற முறைக்குப் பேர்) காதுல விழுந்தாலே நம்மாளுங்க மொதல்ல யோசிக்கிறது வேலை இருக்குமா போயிடுமான்னுதான். நான் முன்னாடி இருந்த ஒரு கம்பெனில "லீன் ஆகப்போறோம்"னு மீட்டிங் போட்டாங்க, அடுத்த மாசமே எங்க டீம் பாதியாச்சு, வேலை மட்டும் அப்படியே இருந்துச்சு. அதனால யாராச்சும் "மெலிந்த உற்பத்தி"ன்னு தமிழ்ப்படுத்துனா தப்புன்னு சொல்லவும் வாய் வரல, நடக்குறது அதுதானே. ஆனா சொல்லோட கதை வேற. அதைப் பாத்துட்டு, லீன், அஜைல், அடாப்டிவ் மூணுக்கும் தமிழ்ல என்ன சொல்லலாம்னு தேடுவோம்.

ஆங்கிலத்துல லீன்னு ரெண்டு சொல் இருக்கு. சுவத்துல சாயுறதுக்கு ஒண்ணு, ஒல்லிக்கு ஒண்ணு, எழுத்துதான் ஒண்ணு, அர்த்தம் வேற. நமக்கு வேண்டியது ஒல்லி. கறிக்கடைல கொழுப்பில்லாத கறிக்கும் இதே சொல்தான் சொல்வாங்க, ஃபேக்டரிக்குள்ள வந்ததுக்கு இந்தக் கறி அர்த்தம்தான் ரொம்பப் பொருந்தும்: சதை முழுசா இருக்கும், கொழுப்புதான் இருக்காது.

உள்ள கொண்டு வந்தவர் ஜான் கிராஃப்சிக். கலிஃபோர்னியா ஃப்ரீமாண்ட்ல ஜெனரல் மோட்டார்ஸ் 1982ல மூடுன ஒரு ப்ளாண்டை, டொயோட்டாவும் அவங்களும் சேர்ந்து 1984ல நும்மிங்கிற பேர்ல மறுபடி ஓட்டுனாங்க (இப்ப அங்கதான் டெஸ்லா கார் பண்றாங்க). அங்க இன்ஜினியரா இருந்துட்டு எம்.ஐ.டிங்கிற அமெரிக்க யுனிவர்சிட்டிக்குப் போனவர், பல நாட்டு கார் ஃபேக்டரிகளை ஒப்பிட்டுப் பாத்தாரு, 1988ல எழுதுன கட்டுரைல டொயோட்டா முறைக்கு லீன்னு பேர் வெச்சாரு. இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், அந்த ஆய்வுக் குழுவுல அதுக்கு முன்னாடி புழங்குன பேர் "ஃப்ராஜைல்". அதாவது தொட்டா உடையிறது. கேக்க நல்லால்லன்னு மாத்திட்டாங்க.

ஆனா யோசிச்சா பழைய பேர்லதான் சூட்சுமமே இருக்கு. பழைய மாதிரி ஃபேக்டரில எல்லாத்துக்கும் ஒரு தடுப்பணை உண்டு, பார்ட்ஸ் மலை மாதிரி குவிஞ்சிருக்கும், லீவு போட்டா பாத்துக்க உபரியா ஆள், கடைசில தப்பைத் திருத்த தனியா ஒரு இடம், அதனால எங்க என்ன கோளாறு நடந்தாலும் வண்டி ஓடிட்டே இருக்கும், யாருக்கும் ஒண்ணும் தெரியாது. டொயோட்டால அந்தக் குவியலை எடுத்துட்டாங்க. ஒரு நட்டு சரியில்லன்னா கார் பூட்டுற லைன்ல நிக்கிற ஆள், கோளாறைச் சொல்றதுக்குன்னே தொங்குற கயித்தை இழுப்பார், உடனே ஆள் வரும், அங்கேயே சரி பண்ண முடியலன்னா லைன் நிக்கும். குளம் வத்துனா அடியில இருக்கிற பாறை தெரியுற மாதிரி. தெரிஞ்சா சரி பண்ணித்தான் ஆகணும், சரி பண்ணிப் பண்ணியே அந்த இடம் மாறிக்கிட்டே இருக்கும். இந்த மாறுற குணத்துக்குத்தான் அடாப்டிவ்னு பேர், ஆளைக் குறைச்சா தானா வந்துடாது. இருக்கிறவங்களுக்குக் கயித்தை இழுக்குற உரிமை வேணும். எங்க மேனேஜர்கிட்ட கயித்தை இழுத்திருந்தா என்னாகியிருக்கும்னு நெனச்சாலே சிரிப்பு வருது.

டொயோட்டால இதை வடிவமைச்ச தைச்சி ஓனோ லீன்னு எல்லாம் பேர் வைக்கல. அவர் பேசுனது முடா பத்தி. (மொடாக்குடியன்ல வர்ற மொடா இல்ல.) ஜப்பானிய மொழில வீண்னு அர்த்தம். தேவைக்கு மேல செய்றது, காத்துக் கிடக்குறது, சும்மா இங்கிருந்து அங்க தூக்கிட்டுப் போறது, சரக்கு தேங்குறதுன்னு 7 வகை வீண் சொன்னாரு. இதுக்குத் தமிழ்ல "கழிவு"ன்னு எழுதுறாங்க, எனக்கு ஒப்பல, கழிவுன்னா சாக்கடை ஞாபகம்தான் வரும். வீண்ங்கிற ரெண்டெழுத்தே போதும்.

அப்ப லீனுக்கு? என் ஓட்டு "செட்டு"க்கு. கட்டும் செட்டுமா குடும்பம் நடத்துற அம்மான்னு ஊர்ல சொல்வாங்களே அந்த செட்டு. அந்த அம்மா யாரையும் பட்டினி போடல, அரிசி எவ்வளவு தேவையோ அவ்வளவு உலை வெப்பாங்க, மிச்சம் விழாது, பத்தாமலும் போகாது. மெலிவுன்னா நோஞ்சான், சிக்கனம்னா செலவைக் குறைக்குறதோட நின்னுடுது, செட்டுல மட்டும்தான் அளவும் இருக்கு, ஒழுங்கும் இருக்கு. செட்டான உற்பத்தி, செட்டான நிர்வாகம்.

அஜைல் (சாஃப்ட்வேரைக் கொஞ்சம் கொஞ்சமா செஞ்சு, தேவைக்கேத்த மாதிரி மாத்திக்கிட்டே போற முறை) கதையும் இதே மாதிரிதான், அதுவும் பழைய பேர் பிடிக்காம வெச்ச பேர். 2001 பிப்ரவரில அமெரிக்கால யூட்டா மாநிலத்துல ஸ்னோபேர்டுங்கிற பனிச்சறுக்கு ஊர்ல 17 சாஃப்ட்வேர்காரங்க கூடுனாங்க. அதுவரைக்கும் அவங்க முறைகளுக்கு "லைட்வெயிட்"னு பேர். முறை லேசா இருக்கட்டும், என்னை லைட்வெயிட்னு கூப்பிட்டா எப்படின்னு அவங்கள்ல ஒருத்தரான அலிஸ்டர் காக்பர்ன் கேட்டாரு. கடைசில அஜைல்னு முடிவாச்சு, அப்பவும் மார்ட்டின் ஃபவுலர்ங்கிற பிரிட்டிஷ்காரர் அமெரிக்கக்காரங்களுக்கு இதை உச்சரிக்கவே தெரியாதேன்னு கவலைப்பட்டாராம். மூலம் லத்தீன் ஆகெரே, ஓட்டுறது, செய்றதுன்னு பொருள்.

தமிழ்ல "சுறுசுறுப்பு"ன்னு போடுறாங்க. எறும்பு கூட சுறுசுறுப்புதான், செக்கு மாடு மாதிரி ஒரே வழில சுறுசுறுப்பா சுத்தலாம், திரும்பத் தெரியணுமே. "லாவகம்" சரியா வரும். கூட்டத்துக்குள்ள லாவகமா வண்டி ஓட்டுறான்னு சொல்லும்போது வேகம், வளைவு, கைப்பழக்கம் எல்லாம் வந்துடுது. இது தனித்தமிழ் இல்ல, வடமொழி லாகவம் எழுத்து மாறி லாவகம் ஆச்சு, அந்த லாகவத்துக்கு மூல அர்த்தம் என்ன தெரியுமா, லேசா இருக்குறது. லைட்வெயிட் வேணாம்னு ஓடுனவங்க தமிழுக்கு வந்தா மறுபடி அங்கேயே வந்து நிக்கிறாங்க!

அடாப்டிவுக்கு மட்டும் நாம அலைய வேண்டாம், ஒட்டகம் பாடத்துல படிச்ச "தகவமைப்பு" ரெடியா இருக்கு. "தக்கார் தகவிலர்"னு குறள்ல வர்ற அதே தகவு. தகவமையும் நிறுவனம்னு தாராளமா எழுதலாம்.

செட்டுல ஒரே ஒரு சிக்கல். ஃப்ரெண்டு ஒருத்தன்கிட்ட "செட்டான டீம்"னு சொன்னேன், எந்த செட்டுடா, காலேஜ் செட்டா பம்புசெட்டான்னு கேட்டான்.