பட்டினி கிடந்தால் மாதவிலக்கு ஏன் நின்றுபோகிறது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு தாயார் கேட்கிறார்: "புரட்டாசி விரதம் முடிந்தும் மகள் சோற்றைத் தொடுவதில்லை. அடுத்த வருடம் பள்ளி இறுதி வகுப்பு விருந்தான மேட்ரிக் டான்ஸுக்குப் போடும் உடுப்புக்காக இளைக்கிறாள் என்று விட்டுவிட்டோம். இப்போது டர்பன் புழுக்கத்திலும் ஸ்வெட்டர் போடுகிறாள். மூன்று மாதமாக விலக்காகவில்லை. மாமியார் சாமி பார்க்கச் சொல்கிறார்."

உடம்புக் கொழுப்பு சும்மா தொங்கும் சதை அல்ல, அது ஒரு சுரப்பி. 1994-ல் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு கண்டறிந்த லெப்டின் என்ற ஹார்மோன் அங்கேதான் சுரக்கிறது. அரிசி டின்னில் எவ்வளவு மிச்சம் என்று மூளையின் ஹைப்போதலாமஸுக்குப் போகும் கணக்கு அது.

எனக்கு அலுக்காத பகுதி இனிதான். மாதவிலக்கு ஓடுவது ஒரு தாளத்தில். ஹைப்போதலாமஸில் சில செல்கள் ஏறத்தாழ ஒன்று, ஒன்றரை மணிக்கொரு தரம் ஒரு சொட்டு ஹார்மோனை விடுகின்றன. மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அதைக் கேட்டுச் சூலகத்தை எழுப்புகிறது. வேடிக்கை என்னவென்றால், இந்தத் தாளக்காரச் செல்களுக்கு லெப்டினை நேரே படிக்கத் தெரியாது. கிஸ்பெப்டின் செல்கள் போன்ற தரகர்கள் வழியாகத்தான் சேதி போகும். லெப்டின் சரிந்தால் தாளம் தளரும், சூலகம் உறங்கும். பஞ்சத்தில் பிள்ளை வேண்டாம் என்று மூளை முடிவெடுத்துவிட்டது! இப்படி விலக்கு நின்ற சில பெண்களுக்கு லெப்டினை ஊசியாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2004-ல் வெளியானது. எடை கூடாமலே சிலருக்குக் கருமுட்டை வெளிவந்தது. அது மருந்தாகிவிடவில்லை, பசித்த உடம்பு பசித்தே இருக்கும், ஈஸ்ட்ரோஜன் குறையக் குறைய எலும்பும் கரையும்.

மகளுக்குக் குளிரெடுப்பது தைராய்டு சுரப்பி அடங்குவதால். முழங்கையில் பூனைமுடி முளைத்திருக்கிறதா பாருங்கள். அதுவும் பட்டினியின் அடையாளம்.

பிடிவாதம் என்று திட்டாதீர்கள், பட்டினியே மனசையும் பிடித்துக்கொள்ளும். 1944-45-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆரோக்கியமான ஆண்களை அரைப்பட்டினி போட்டார். மெலிய ஆசையே இல்லாத அவர்களும் சமையல் புத்தகம் படித்துக்கொண்டு, சாப்பாட்டு நினைப்பிலேயே கிடந்தார்கள். கல்யாண வீட்டில் "நல்லா இளைச்சிட்டியே!" என்று மெச்சும் அத்தைமார்தான் எனக்கு எரிச்சல்.

மாமியார் எலுமிச்சை சுற்றிப் போடட்டும். அதற்கு முன்பே டாக்டரிடம் போய்விடுங்கள். நாடித்துடிப்பு, ஈசிஜி, இரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட் எல்லாம் பார்க்க வேண்டும். பயத்தில் ஒரேயடியாக ஊட்டவும் வேண்டாம்: நீண்ட பட்டினிக்குப் பின் திடீரென்று மாவுச்சத்து ஏறினால் இன்சுலின் பாஸ்பேட்டைச் செல்லுக்குள் இழுத்துவிடும், இரத்தத்தில் அது குறைந்து இதயம் தடுமாறும். எவ்வளவில் தொடங்குவது என்பதை டாக்டர் சொல்வார்.