காண்டோ விதிகளும் வேண்டியவர் வேண்டாதவர் கணக்கும்

நான் சிங்கப்பூரில் காண்டோக்களுக்கு, அதாவது தனியார் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு, மேனேஜிங் ஏஜென்டாக (அன்றாட நிர்வாகத்தைக் கவனிப்பவராக) வேலை பார்க்கிறேன். சத்தம், செருப்பு, நாய், பார்க்கிங் என்று என் மேஜைக்கு வராத சண்டை இல்லை. கொஞ்சம் பேசவிட்டால் எல்லாரும் கடைசியில் ஒரே கேள்விக்குத்தான் வந்து சேர்கிறார்கள்: "அவங்களை மட்டும் எப்படி விட்டீங்க?"

புதிதாகப் பொறுப்பேற்ற ஒரு காண்டோவில் பழைய கடிதக் கோப்பைப் புரட்டினேன். வாசலில் கலர்ப்பொடிக் கோலமும் செருப்பு அலமாரியும் வைத்திருந்த ஒரு வாடகைக் குடும்பத்துக்கு எச்சரிக்கைக் கடிதம் போயிருந்தது. காரணம் ஒரே வரி: "பார்வைக்கு அலங்கோலமாக உள்ளது." அதே மாடியில் நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர் வீட்டு வாசலில் பூந்தொட்டிகள் பாதி நடைபாதையை அடைத்துக்கொண்டு நின்றன. அவருக்குக் கடிதமே இல்லை. அந்தக் குடும்பத்து அம்மா என்னிடம் கேட்டார்: "அண்ணே, எங்க கோலம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியுதா?"

நடைபாதை எல்லாருக்கும் பொதுவான இடம். அங்கே அலமாரி வைத்தது தப்பு என்றால் தொட்டி வைத்ததும் தப்புதான். வழி அடைபட்டிருக்கிறதா என்று பார்த்திருந்தால் இரண்டு வீட்டுக்கும் கடிதம் போயிருக்கும். அலங்கோலமா இல்லையா என்று பார்த்ததால், எது அழகு என்று முடிவு செய்கிற உரிமை குழுவில் இருந்தவர்கள் கைக்குப் போய்விட்டது.

வீவக (அரசாங்க வீடமைப்புக் கழகம்) வீடுகளில் பாருங்கள். பொதுத் தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும். டேப்பை நீட்டினால் தெரிந்துவிடும். யார் வீட்டு அலமாரி, அவர் யாருக்குச் சொந்தம் என்ற பேச்சுக்கே அங்கே வேலை இல்லை.

காண்டோக்களுக்கு 2004ஆம் ஆண்டின் கட்டடப் பராமரிப்பு, ஸ்ட்ராட்டா (ஒரே கட்டடத்தில் பல உரிமையாளர்கள் இருக்கும் முறை) நிர்வாகச் சட்டம் பொருந்தும். அதன் கீழ் 2005இல் வந்த பொதுவான பைலாக்களே (குடியிருப்பு விதிகளே) கொஞ்சம் அகலமானவை. மற்றவர்களுக்குத் தொல்லை தரக்கூடிய பிராணிகளை வளர்க்கக் கூடாது என்கிறது ஒன்று. பொதுவிடத்தில் போதுமான உடை அணிந்திருக்க வேண்டும் என்கிறது இன்னொன்று. நீச்சல் குளத்திலிருந்து வெறும் உடம்போடு லிஃப்ட்டில் ஏறுகிற இளைஞரை யாரும் எதுவும் சொல்வதில்லை. கைலியும் பனியனுமாகக் கடிதப் பெட்டியைத் திறக்க வருகிற தாத்தாவை செக்யூரிட்டி நிறுத்துகிறார் என்றால், அங்கே விதி வேலை செய்யவில்லை, பழக்கம்தான் வேலை செய்கிறது. சட்டம் எல்லாக் கட்டடத்துக்கும் சேர்த்து எழுதப்படுவதால் அகலமாகத்தான் இருக்கும். அதற்கு அளவு போட்டுத் தருவது அந்தந்தக் காண்டோவின் பொறுப்பு. எத்தனை மணிக்கு மேல் ட்ரில் போடக்கூடாது, ஃபங்ஷன் ரூமில் எத்தனை பேர், கோலத்தை எத்தனை நாளில் கழுவ வேண்டும் என்று எழுதிவிடலாமே.

இதையெல்லாம் எழுதி வைத்தாலும் பாரபட்சம் வேறொரு வழியில் நுழைகிறது. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. எங்கள் வேலை பெரும்பாலும் புகாரின் பேரில் நடக்கிறது. புகார் கொடுப்பவர் யார்? ஆபிஸ் நம்பர் தெரிந்தவர், ஆங்கிலத்தில் சரளமாக மின்னஞ்சல் எழுதுபவர், குழுவில் நண்பர் இருப்பவர். வாடகைக்கு இருப்பவரும் வயதானவரும் பொறுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யாவிட்டாலும், வருஷக் கடைசியில் கடிதங்களை அடுக்கிப் பார்த்தால் திரும்பத் திரும்ப அதே சில வீடுகள்தான் இருக்கும். அதனால்தான் எந்த இடத்தைப் பொறுப்பேற்றாலும் முதலில் ஒரு பதிவேடு போடச் சொல்வேன். புகார் வந்த தேதி, எந்த விதி, நேரில் போய்ப் பார்த்தது யார், என்ன நடவடிக்கை. புகாரே வராவிட்டாலும் மாடி மாடியாக ஒரு சுற்று நடந்து, கண்ணில் பட்டதையெல்லாம் அதே பதிவேட்டில் ஏற்றச் சொல்வேன். நண்பர் வீடு என்று அப்போது தாண்டிப் போக முடியாது.

அப்புறம், புகார் கொடுத்த குழு உறுப்பினரே அந்தப் புகாரை விசாரிக்கிற கூட்டத்தில் உட்காரக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவர் பேச வாய்ப்புத் தர வேண்டும். இது வெறும் மரியாதைக்குச் சொல்வதில்லை. கிளப் ஒன்று தன் உறுப்பினரை இடைநீக்கம் செய்ததை, இயற்கை நீதி கடைப்பிடிக்கப்படவில்லை என்று சொல்லி 2008இல் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. காண்டோக் குழுவினர் அதை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நல்லது.

உங்களுக்கே ஒரு கடிதம் வந்தால் கோபத்தில் குடியிருப்பாளர் வாட்ஸ்அப் குழுவில் கொட்டிவிடாதீர்கள். அங்கே பேசியது உங்களுக்கு எதிராகத்தான் திரும்பும். எந்த பைலா, எந்தப் பத்தி, என்றைக்கு யார் பார்த்தது, படம் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். லிஃப்ட்டில் ஒட்டிய நோட்டீஸ் எல்லாம் பைலா ஆகிவிடாது. காண்டோ தனக்கென ஒரு பைலா கொண்டுவர வேண்டுமென்றால் 21 நாள் முன்னறிவிப்போடு பொதுக்கூட்டம் கூட்டி, பதிவான செல்லுபடியாகும் வாக்குகளின் பங்கு மதிப்பில் (ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ள வாக்கு எடை) 75 சதவீதம் ஆதரவு பெற்றுச் சிறப்புத் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும். பிறகு 30 நாளுக்குள் கட்டட ஆணையரிடம் தாக்கல் செய்ய வேண்டும். அது நடந்ததா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வீட்டு உரிமையாளர் எழுதிக் கேட்டு, கட்டணம் கட்டினால் கூட்டக் குறிப்புகளைப் பார்க்கலாம். வாடகைக்கு இருப்பவர்கள் உரிமையாளர் மூலமாகக் கேட்கலாம்.

பக்கத்து வீட்டோடு சிக்கல் என்றால் சமூக மத்தியஸ்த நிலையத்தில் உட்கார்ந்து பேசலாம். பைலாவே செல்லாது என்று நினைத்தால் உரிமையாளர் இத்தகைய தகராறுகளை விசாரிக்கும் ஸ்ட்ராட்டா உரிமை வாரியத்துக்குப் போகலாம், அதற்குச் செலவும் நேரமும் ஆகும். அதைவிடச் சுலபமான வழி ஆண்டுப் பொதுக்கூட்டம். நம்மவர்கள் பலர் அந்த அழைப்புக் கடிதத்தைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. அடுத்த கூட்டத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்து, "அலங்கோலம்" என்ற சொல்லை எடுத்துவிட்டு சென்டிமீட்டரில் எழுதுங்கள் என்று ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள்.