அரை மில்லி வினாடிக்குள் ஒரு ஃபேர்வே வுட்

1935 ஏப்ரல் 7 அன்று, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலுள்ள அகஸ்டா நேஷனல் கோல்ஃப் மைதானத்தில், 15ஆவது குழிக்கு 235 யார்டு தொலைவில் புல்தரையில் கிடந்த பந்தை ஜீன் சாரசென் தம்முடைய 4-வுட் மட்டையால், அதாவது ஃபேர்வே எனப்படும் குட்டைப்புல் பாதையில் கிடக்கும் பந்தை நெடுந்தூரம் அடிக்க உதவும் ஃபேர்வே வுட் ஒன்றால், அடித்தார். பந்து குழியைச் சுற்றி மிகக் குட்டையாக வெட்டிய புல்பரப்பான கிரீனில் உருண்டு நேராகக் குழிக்குள் விழுந்தது. மூன்று ஸ்ட்ரோக், அதாவது மூன்று அடிகள், பின்தங்கியிருந்தவர், ஐந்து அடிகள் ஒதுக்கப்பட்ட அந்தக் குழியை இரண்டே அடிகளில் முடித்ததால், அந்த ஒரே அடியில் முன்னணி வீரர் கிரெய்க் வுட்டைச் சமன் செய்து, மறுநாள் நடந்த கூடுதல் ஆட்டத்தில் வென்றார். இன்றைய மாஸ்டர்ஸ் போட்டியின் இரண்டாம் ஆண்டு அது. கோல்ஃப் வரலாற்றின் மிகப் புகழ்பெற்ற அடிகளுள் ஒன்று டீக்குச்சியின் மேல் உயர்த்தி வைத்த பந்தை டிரைவர் என்னும் பெரிய தலை கொண்ட மட்டையால் அடித்ததன்று, தரையில் கிடந்த பந்தை ஃபேர்வே வுட்டால் அடித்தது என்பதை நினைவில் கொள்வது நல்லது. ஏனெனில் இந்த மட்டையை மதிப்பிடுவதிலுள்ள சிக்கல்களில் பெரும்பாலானவை பந்து தரையில் கிடப்பதிலிருந்தே தொடங்குகின்றன.

பெயரில் மரம் இருந்தாலும் இப்போது இவற்றில் மரம் இல்லை. சாரசென் காலத்து மட்டைத் தலைகள் பர்சிமன் மரத்தில் கடையப்பட்டவை. நம் ஊர்ப் பனிச்சையும் கருங்காலியும் சேர்ந்த பேரினத்தின் அமெரிக்க உறவு அது. 1979இல் கேரி ஆடம்ஸ் தொடங்கிய டெய்லர்மேட் நிறுவனம் உள்ளீடற்ற எஃகுத் தலையைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு மரம் மெல்ல விடைபெற்றது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. இன்றைய 3-வுட்டின் முகம் ஏறத்தாழ 15 டிகிரியும், 5-வுட்டின் முகம் 18 டிகிரியும், 7-வுட்டின் முகம் 21 டிகிரியும் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். டிரைவரின் தலை விதி அனுமதிக்கும் 460 கன சென்டிமீட்டர் வரை பெருத்திருக்க, 3-வுட்டின் தலை அதில் பாதியைக்கூட எட்டுவதில்லை.

முகம் பந்தைத் தொடும் நேரம் அரை மில்லி வினாடிக்கும் சற்றுக் குறைவு. அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பி.ஜி.ஏ. டூர் வீரர்களின் சராசரியாக, பந்தின் பறத்தலை ரேடாரால் அளக்கும் டிராக்மேன் நிறுவனம் வெளியிட்டு, பல ஆண்டுகளாக எல்லோரும் எடுத்தாளும் எண்களின்படி, 3-வுட்டின் தலை மணிக்கு 107 மைல் வேகத்தில் வந்து மோத, பந்து 158 மைல் வேகத்தில், அதாவது வினாடிக்கு 70 மீட்டருக்கும் சற்று அதிகமான வேகத்தில் புறப்படுகிறது. அசையாமல் கிடந்த 46 கிராம் பந்து அவ்வளவு குறுகிய நேரத்துக்குள் இந்த வேகத்தை எட்ட வேண்டுமென்றால், அதன்மேல் செயல்படும் சராசரி விசை 700 கிலோகிராம் எடைக்கு நிகராக இருந்தாக வேண்டும். அந்த நேரத்தில் பந்தும் முகமும் ஒட்டிக்கொண்டு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் சேர்ந்தே நகர்கின்றன. மட்டையின் திறன் என்று நாம் பேசும் அனைத்தும் அந்த 2 சென்டிமீட்டருக்குள் முடிந்துவிடுகிறது.

பந்தின் வேகத்தை மட்டைத்தலையின் வேகத்தால் வகுத்தால் கிடைப்பதை ஆட்டக்காரர்கள் ஸ்மாஷ் ஃபேக்டர் என்கிறார்கள். மேற்சொன்ன எண்களில் அது 1.48. இது எங்கிருந்து வருகிறது என்பதைப் பள்ளி இயற்பியலே சொல்லிவிடும்: தலையின் நிறை ஏறத்தாழ 210 கிராம், பந்தின் நிறை 46 கிராம், மோதலின் மீட்சியளிப்புக் குணகம் (மோதியவை விலகும் வேகத்துக்கும் நெருங்கிய வேகத்துக்கும் உள்ள விகிதம்) 0.8 என்று கொண்டால், 1.8ஐ (1 + 0.8) 1.22ஆல் (1 + 46/210) வகுக்க 1.48 கிடைக்கிறது. நிறையைக் கூட்டினால் வீரரால் அதே வேகத்தில் சுழற்ற முடியாது; மீட்சியளிப்பை உயர்த்தலாமென்றால் ஆர் அண்ட் ஏ, யு.எஸ்.ஜி.ஏ. ஆகிய விதியமைப்புகள் முகத்தின் நெகிழ்வுக்கு உச்சவரம்பு வைத்திருக்கின்றன. ஆகவே, முகத்தின் நடுவில் சரியாகப் பட்ட அடியில் ஒரு நல்ல புதிய மட்டைக்கும் சில ஆண்டுகள் பழைய நல்ல மட்டைக்கும் பெரிய வேறுபாடு வர வழியே இல்லை. விளம்பரம் எதைச் சொன்னாலும், வேறுபாடு நடுவில் படாத அடிகளில்தான் இருக்கிறது.

ஃபேர்வே வுட்டில் அந்த அடிகள் பெரும்பாலும் முகத்தின் கீழ்ப்பகுதியிலேயே விழுகின்றன. தரையில் கிடக்கும் பந்தின் மையம் நிலத்திலிருந்து 21 மில்லிமீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. மட்டையின் அடிப்பாகம் புல்லை உரசிச் செல்லாமல் அரை சென்டிமீட்டர் மேலே போனாலே மோதும் இடம் முகத்தின் அடிவிளிம்பை நெருங்கிவிடும். அப்போது இரண்டு இழப்புகள் நேர்கின்றன. அடிவிளிம்பில் முகம் தலையின் அடித்தட்டோடு இணைந்திருப்பதால் அங்கே உலோகம் விறைப்பாக இருக்கும், போதிய அளவு நெகிழாது. பந்தின் வேகம் குறையும். மேலும், மோதல் தலையின் ஈர்ப்பு மையத்துக்குக் கீழே நடப்பதால் தலை முன்னோக்கிக் கவிழ முயலும். முகத்தோடு ஒட்டியிருக்கும் பந்து, ஒன்றோடொன்று பிணைந்த இரு பற்சக்கரங்களில் ஒன்று சுழல மற்றொன்று எதிர்த்திசையில் சுழல்வதைப் போல, கூடுதல் பின்சுழற்சி பெறும். இதற்குப் பற்சக்கர விளைவு என்றே பெயர். வேகம் குறைந்து, சுழற்சி கூடி, தாழ்வாகப் புறப்படும் அந்தப் பந்து எல்லோருக்கும் பழக்கமானதுதான்.

வடிவமைப்பாளர்கள் இதற்கு இரண்டு வழிகளில் மருந்து தேடியிருக்கிறார்கள். முகத்தின் உயரத்தைக் குறைத்து, அடித்தட்டில் எடையைச் சேர்த்து, ஈர்ப்பு மையத்தைத் தாழ்த்துவது ஒன்று. எஃகைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு அடர்த்தியுள்ள டங்ஸ்டன் துண்டுகளை அடியில் பதிப்பதும், மேல்மூடியைக் கார்பன் இழையில் செய்வதும் இதற்காகவே. மற்றொன்று, அடித்தட்டில் முகத்துக்குச் சற்றுப் பின்னே ஒரு நீண்ட பிளவு வெட்டி, அடிவிளிம்பையும் நெகிழ விடுவது. நான் இரண்டாவதைவிட முதலாவதையே பெரிதாக மதிக்கிறேன். பிளவு வேகத்தை மட்டும் காப்பாற்றும், தாழ்ந்த ஈர்ப்பு மையமோ சுழற்சியையும் சேர்த்துக் காப்பாற்றும்.

பறத்தலுக்கு வருவோம். பின்சுழற்சியுள்ள பந்து தன்மேல் பாயும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்புவதால் மேல்நோக்கித் தூக்கப்படுகிறது. மேக்னஸ் விளைவு எனப்படும் இதைக் கோல்ஃப் பந்துக்குப் பொருத்தி முறையாக ஆராய்ந்தவர் எடின்பரோ பேராசிரியர் பீட்டர் டெய்ட். அவருடைய மகன் ஃபிரெடி டெய்ட் 1896இலும் 1898இலும் பிரிட்டிஷ் அமெச்சூர் சாம்பியன். டூர் சராசரியில் 3-வுட் பந்து 9.2 டிகிரியில் புறப்பட்டு, நிமிடத்துக்கு 3,655 சுற்றுகள் சுழன்று, 243 யார்டு பறந்து, 43 டிகிரி கோணத்தில் இறங்குகிறது. இந்தக் கடைசி எண்ணைப் பலர் பார்ப்பதே இல்லை. கிரீனை நோக்கி அடிக்கும் மட்டைக்குத் தொலைவைப் போலவே இறங்கு கோணமும் முக்கியம். செங்குத்தாக இறங்கும் பந்துதான் நிற்கும். 5-வுட்டில் தொலைவு 230 யார்டாகக் குறைந்தாலும் இறங்கு கோணம் 47 டிகிரியாகிறது. அப்போது டூரிலேயே மிக நீண்ட தூரம் அடித்தவர்களுள் ஒருவரான டஸ்டின் ஜான்சன் 2020 நவம்பரில் அகஸ்டாவில், ஒதுக்கப்பட்ட அடிக்கணக்கைவிட 20 ஸ்ட்ரோக் குறைவு என்ற சாதனையோடு வென்றபோது அவருடைய பையில் 7-வுட் ஒன்று இருந்தது. மெதுவாகச் சுழற்றும் வார இறுதி ஆட்டக்காரர்கள் அதைவிடச் சாய்வு குறைந்த 3-வுட்டைக் கட்டிக்கொண்டு அழுவது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கிறது.

இனி, அளப்பது. ரேடாரோ அதிவேக கேமராவோ கொண்ட கருவிகள் இன்று கடைகளிலேயே இருக்கின்றன. குறை கருவியில் இல்லை, அடிக்கும் எண்ணிக்கையில் இருக்கிறது. ஒருவர் அடிக்கும் தொலைவின் திட்டவிலக்கம், அதாவது அவருடைய அடிகள் சராசரியிலிருந்து வழக்கமாகச் சிதறும் அளவு, 15 யார்டு என்று வைத்துக்கொள்வோம். பழைய மட்டையால் ஐந்து, புதியதால் ஐந்து அடித்து இரு சராசரிகளை ஒப்பிட்டால், அந்த வேறுபாட்டின் திட்டப்பிழை (தற்செயலால் மட்டுமே வழக்கமாக வரக்கூடிய ஏற்ற இறக்கம்) மட்டுமே ஒன்பதரை யார்டு. புதியது எட்டு யார்டு கூடுதலாகப் போனதாகத் திரை காட்டினாலும், அது மட்டையின் குணமா தற்செயலா என்று சொல்ல முடியாது. ஒவ்வொன்றிலும் முப்பது அடித்தால் பிழை நான்கு யார்டுக்குச் சுருங்கும். அப்படி அடிக்கும்போதும் இரண்டையும் மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். முதல் முப்பதைப் பழையதால் அடித்து, உடல் சூடேறிய பின் புதியதை எடுத்தால் வெற்றி யாருக்கு என்பது முன்பே முடிவானது. பிழையான அடிகளை அழித்துவிடும் பழக்கத்தையும் கைவிட வேண்டும், ஏனெனில் நாம் தேடுவதே அவற்றைத்தான். முகத்தில் பாதங்களுக்குப் போடும் பவுடரை மெல்லத் தூவிவிட்டு அடித்தால், ஒவ்வொரு அடியும் எங்கே பட்டது என்பது வெள்ளைப் படலத்தில் சிறு வட்டமாகப் பதியும். அந்த வட்டத்தையும் பந்தின் வேகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டே போனால், நடுவிலிருந்து விலக விலக வேகம் எவ்வளவு விரைவாகச் சரிகிறது என்பது தாளிலேயே தெரிந்துவிடும்.

கையில் எப்படி இருக்கிறது என்ற கேள்வி இதைவிடச் சுவையானது. தொடுவுணர்ச்சி கையிலிருந்து மூளையின் புறணியை அடைய ஏறத்தாழ 20 மில்லி வினாடி ஆகும். அதற்குள் பந்து முகத்தை விட்டு ஒரு மீட்டருக்கு மேல் போயிருக்கும். ஆகவே, பந்து முகத்தில் நெடுநேரம் தங்கியது போல் இருந்தது என்று ஒருவர் சொல்லும்போது, அவர் உணர்ந்தது மோதலை அன்று. மோதலுக்குப் பிறகு தண்டு வழியே வந்த அதிர்வையும், காதுக்கு வந்த ஒலியையும்தான். இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆட்டக்காரர்களைக் கொண்டு சோதித்தபோது, அடியின் உணர்வு பற்றிய அவர்களின் மதிப்பீடு மோதலின் ஒலியோடு நெருக்கமாகத் தொடர்புற்றிருந்தது. மெல்லிய உலோகக் கூடு ஒன்றைத் தட்டினால் அது மணி போல் ஒலிக்கும். எந்தச் சுவர் எந்த அதிர்வெண்ணில் அதிர்கிறது என்பதைக் கணினியில் பார்த்து, உள்ளே மெல்லிய விலா எலும்புகள் போன்ற தாங்கிகளை வைத்து வடிவமைப்பாளர்கள் அந்த ஒலிக்குச் சுருதி சேர்க்கிறார்கள். வெற்றொலி கேட்டால் மட்டை வலுவற்றதாகவும், கனத்த குறுகிய ஒலி கேட்டால் திடமானதாகவும் நமக்குத் தோன்றும், இரண்டிலும் பந்து ஒரே வேகத்தில் போயிருந்தாலும். காதை அடைத்துக்கொண்டு பத்து அடி அடித்துப் பார்ப்பது இதற்கு எளிய சோதனை. சற்று முன்பு வரை உயிருள்ளதாகத் தோன்றிய மட்டை ஒரு தடியாக மாறிவிடும்.

இதனால் உணர்வு பொய் என்று ஆகிவிடாது. நடுவில் பட்ட அடிக்கும் விளிம்பில் பட்ட அடிக்கும் ஒலி தெளிவாக வேறுபடும் மட்டை, பந்தை நிமிர்ந்து பார்ப்பதற்கு முன்பே ஆட்டக்காரருக்குச் செய்தி சொல்லிவிடுகிறது. எல்லா அடியும் ஒரே மாதிரி இனிமையாக ஒலிக்கும் மட்டை அந்தச் செய்தியை மறைத்துவிடுகிறது. தண்டின் எடை, தலைப்பக்கம் எவ்வளவு பாரமாகத் தோன்றுகிறது என்பது போன்றவையும் உணர்வின் பகுதியே. அவை அடுத்த சுழற்றலின் வேகத்தையே மாற்றக்கூடியவை.

கடையில் செய்ய முடியாத சோதனை ஒன்று எஞ்சியிருக்கிறது. செயற்கைப் புல்விரிப்பில் மட்டை பந்துக்குப் பின்னால் தரையைத் தொட்டாலும் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தைச் சேர்ந்துவிடும், திரையில் நல்ல எண் வரும். உண்மையான மண்ணில் அதே அடி பாதி தூரத்தில் செத்துப்போகும். டூர் வீரர்களே 3-வுட்டைக் கிட்டத்தட்ட 3 டிகிரி கீழ்நோக்கித்தான் செலுத்துகிறார்கள் என்பதால், அடித்தட்டின் வளைவும் முன்விளிம்பின் வடிவமும் புல்லோடும் ஈரமண்ணோடும் எப்படி நடந்துகொள்கின்றன என்பது முகத்தின் நெகிழ்வுக்குச் சற்றும் குறைந்ததன்று. குட்டையாக வெட்டிய புல், சற்று வளர்ந்த புல், புல் உதிர்ந்த கட்டாந்தரை, சற்றே இறங்கும் சரிவு ஆகிய நான்கிலும் பத்துப் பத்துப் பந்துகளைப் போட்டு அடித்துவிட்டு, பவுடர் பூசிய முகத்தைப் பார்க்க வேண்டும். விரிப்பில் நடுவில் குவிந்திருந்த வட்டங்கள் இங்கே கீழிறங்கிக் கிடக்கும். விலைச்சீட்டைப் பார்ப்பது அதற்குப் பிறகு.