ஃபெர்னாண்டெஸ்: உறைந்துபோன ஒரு தகப்பன் பெயர்

2019 டிசம்பரில் அர்ஜென்டினாவின் அதிபராகப் பதவியேற்றவர் அல்பெர்டோ ஃபெர்னாண்டெஸ். அன்றே துணை அதிபராகப் பதவியேற்றவர் கிறிஸ்டினா ஃபெர்னாண்டெஸ். அண்ணன் தங்கையோ, கணவன் மனைவியோ என்று வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றியிருக்கும். இருவருக்கும் எந்த உறவும் கிடையாது. ஸ்பானிய மொழி பேசுகிறவர்களுக்கு இதில் விசித்திரம் எதுவும் இல்லை. ஸ்பெயினில் மட்டுமே ஏறத்தாழ 9 லட்சம் பேருக்கு முதல் குடும்பப்பெயர் ஃபெர்னாண்டெஸ்தான். நாட்டில் மிக அதிகமாக வழங்கும் ஐந்து குடும்பப்பெயர்களில் அதுவும் ஒன்று. ஒரே மூதாதையின் வழியில் வராத இத்தனை லட்சம் பேருக்கு ஒரே பெயர் எப்படி வந்தது?

விடை பெயரின் வாலில் இருக்கிறது. கடைசியில் வரும் அந்த ‘எஸ்’ என்ற ஒட்டுக்கு ‘இன்னாருடைய பிள்ளை’ என்று பொருள். ஃபெர்னாண்டோவின் பிள்ளை ஃபெர்னாண்டெஸ், ரொட்ரிகோவின் பிள்ளை ரொட்ரிகெஸ், மார்ட்டினின் பிள்ளை மார்ட்டினெஸ், சாஞ்சோவின் பிள்ளை சாஞ்செஸ். இந்த ஒட்டு எங்கிருந்து வந்தது என்பதில் மொழியறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. லத்தீனின் ஆறாம் வேற்றுமை உருபு தேய்ந்து இப்படி ஆனது என்பது ஒரு தரப்பு. வட ஸ்பெயினில் பேசப்படும் பாஸ்க் மொழியிலோ, ரோமானியர் வருவதற்கு முன்பே அங்கே பேசப்பட்ட வேறொரு மொழியிலோ வேர் இருக்கிறது என்பது இன்னொரு தரப்பு. ஸ்பெயினின் பெரும்பகுதியில் அந்தக் கடைசி ஒலியை நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்வார்கள். லத்தீன் அமெரிக்காவில் அது வெறும் ‘ஸ்’.

வாலுக்கு முன்னால் இருக்கும் ஃபெர்னாண்டோ ஸ்பானியச் சொல்லே அல்ல. 5ஆம் நூற்றாண்டில், இன்றைய ஸ்பெயினும் போர்த்துகலும் இருக்கும் ஐபீரியத் தீபகற்பத்துக்குள் வந்து, 711 வரை ஆட்சி செய்த விசிகோத்துகள் ஜெர்மானிய இனத்தவர். அவர்கள் விட்டுப்போன பெயர் இது. பின்பாதிக்குத் துணிவு என்று பொருள். முன்பாதியை அமைதி என்று சிலரும் பயணம் என்று சிலரும் கொள்கிறார்கள். விசிகோத்துகளின் அரசு அழிந்தது, மொழி மறைந்தது. ஆனால் பிள்ளைகளுக்கு வைத்த பெயர்கள் நின்றுவிட்டன. அல்ஃபோன்ஸோ, ரொட்ரிகோ, கொன்ஸாலோ எல்லாம் அவர்கள் வழியில் வந்தவையே.

இந்த வால் எப்படி வேலை செய்தது என்பதைப் பார்க்க, இன்றைய ஸ்பெயினின் வடபகுதியில் இருந்த காஸ்டில் நாட்டை ஆண்ட ஒரே குடும்பத்தின் ஐந்து தலைமுறையை வரிசையாக வைத்தால் போதும். 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்தவர் கொன்ஸாலோ ஃபெர்னாண்டெஸ். அவர் மகன் ஃபெர்னான் கொன்ஸாலெஸ், 970இல் இறந்தவர். அவர் மகன் கார்ஸியா ஃபெர்னாண்டெஸ். அவர் மகன் சாஞ்சோ கார்ஸியா. அவர் மகன் கார்ஸியா சாஞ்செஸ். திருமணத்துக்காக லியோன் நகரத்துக்குப் போன இடத்தில், 1029இல் கொலையுண்டவர் அவர். தாத்தா, அப்பா, பேரன் என நேர்கோட்டில் வருகிற ஒரே ரத்தம். ஆனாலும் தலைமுறைக்குத் தலைமுறை பின்பெயர் மாறிக்கொண்டே இருக்கிறது. ஏனென்றால் அப்போது அது குடும்பத்தின் பெயர் அல்ல, தகப்பனின் பெயர். நம் இனிஷியல் போலத்தான்: அப்பாவின் இனிஷியல் மகனுக்கு வராது, அப்பாவின் பெயர்தான் மகனுக்கு இனிஷியலாகும். இந்த வரிசையில் கார்ஸியாவுக்கு மட்டும் வால் இல்லாததையும் கவனியுங்கள். தகப்பன் பெயரை அப்படியே பின்னால் சேர்த்துவிடும் வழக்கமும் கூடவே இருந்தது.

பிறகு இந்த ஓட்டம் நின்றது. ஒரே நாளில் யாரும் ஆணை போட்டு நிறுத்தவில்லை. நிலத்துக்கும் சொத்துக்கும் பத்திரங்கள் பெருகப் பெருக, தாத்தாவின் சொத்து பேரனுக்குச் சேர அடையாளம் மாறாதிருப்பது வசதியாயிற்று. ஏறக்குறைய 13ஆம் நூற்றாண்டிலிருந்து, குடும்பம் குடும்பமாக, அப்போது கையில் இருந்த தகப்பன் பெயரே அடுத்த தலைமுறைக்கும் இறங்கத் தொடங்கியது. ஒரு ஃபெர்னாண்டெஸின் பிள்ளையும் ஃபெர்னாண்டெஸ், அவன் பிள்ளையும் ஃபெர்னாண்டெஸ். 1563இல் முடிந்த, கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கத்துக்குப் பிறகு கோயில் பதிவேடுகள் ஒழுங்காக எழுதப்பட்டு, உறைந்தது இன்னும் இறுகியது. அப்படியும் விதிவிலக்குகள் நெடுநாள் இருந்தன. 1599இல் செவில் நகரில் பிறந்த ஓவியர் வெலாஸ்கெஸின் தந்தை பெயர் ரொட்ரிகெஸ் தெ சில்வா. உலகம் அறிந்த வெலாஸ்கெஸ் என்பது அவர் தாயின் குடும்பப்பெயர். 1871இல் நடைமுறைக்கு வந்த குடிமைப் பதிவுச் சட்டம்தான் இதற்கெல்லாம் முற்றுப்புள்ளி வைத்தது.

ஆகவே, இன்று ஒருவர் ஃபெர்னாண்டெஸ் என்றால் அவருடைய பெயர் சொல்வது ஒன்றே ஒன்றுதான். அந்தக் குடும்பத்தில் பெயர் உறைந்தபோது அங்கே ஃபெர்னாண்டோ என்றொரு தகப்பன் இருந்திருக்கிறார். ஊருக்கு ஊர் ஃபெர்னாண்டோக்கள் இருந்ததால், ஒரே பெயர் ஆயிரக்கணக்கான இடங்களில் தனித்தனியாக முளைத்தது. ஸ்பெயினில் ஆண்களின் ஒய் குரோமோசோமை ஆராய்ந்தவர்கள் இதை மரபணுவிலேயே பார்த்தார்கள். தந்தையிடமிருந்து மகனுக்குக் குடும்பப்பெயரைப் போலவே இறங்கும் குரோமோசோம் அது. அரிய பெயர் கொண்டவர்களிடம் அது பெரும்பாலும் ஒத்துப்போகிறது. மிகப் பரவலான பெயர்களிலோ, தெருவில் போகிற யாரோ இரண்டு பேரிடம் இருக்கும் அளவுக்கு வேறுபாடு இருக்கிறது.

அந்தக் காலத்தில் எந்தப் பெயரைப் பிள்ளைகளுக்கு விரும்பி வைத்தார்களோ அதுவே இன்றைய எண்ணிக்கையை முடிவு செய்தது. ஃபெர்னாண்டோ அரசர்களின் பெயர். 1236இல் கோர்டோபாவையும் 1248இல் செவிலையும் பிடித்த மூன்றாம் ஃபெர்னாண்டோ, பெயர்கள் உறையத் தொடங்கிய காலத்து மன்னர். மாறாக, லாயின் என்ற பெயரைப் பாருங்கள். வீரன் எல் சித் என்று புகழ்பெற்ற ரொட்ரிகோ தியாஸின் தந்தை தியேகோ லாயினெஸ். வழக்கொழிந்த அந்தப் பெயரிலிருந்து வந்த லாயினெஸ் இன்று அரிது.

என்னை மிகவும் ஈர்த்த விஷயம் ஃபெர்னாண்டெஸின் இரட்டைப் பிறவி. காஸ்டில் மக்களின் வாயில், சொல்லின் முதலில் வரும் லத்தீன் ‘ஃப’ ஒலி மெல்ல ‘ஹ’வாகி, பிறகு அந்த ‘ஹ’வும் கரைந்து எழுத்தில் மட்டும் நின்றது. மகனைக் குறிக்கும் ‘ஃபிலியுஸ்’ ஸ்பானியத்தில் ‘இஹோ’ ஆனது இப்படித்தான். அதே வழியில் ஃபெர்னாண்டோ எர்னாண்டோவாகி, ஃபெர்னாண்டெஸ் எர்னாண்டெஸ் ஆனது. நாம் ஹெர்னாண்டஸ் என்று எழுதும் பெயர் அதுதான். வடமேற்கே கலீசியாவிலும் அஸ்துரியாஸின் பெரும்பகுதியிலும் ‘ஃப’ கரையவில்லை. இன்றும் அஸ்துரியாஸில் முதலிடம் ஃபெர்னாண்டெஸுக்கு, மெக்சிகோவில் முதலிடம் எர்னாண்டெஸுக்கு. நூற்றாண்டுகளுக்கு முன்பு ஒரு மலைத்தொடரின் இருபுறமும் மக்கள் எப்படி உச்சரித்தார்கள் என்பது தொலைபேசிப் புத்தகத்தில் பதிந்து கிடக்கிறது.

இவ்வளவு பேருக்கு ஒரே பெயர் என்றால் குழப்பம் வராதா? ஸ்பானியர்களுக்கு இரண்டு குடும்பப்பெயர்கள். முதலில் தந்தையுடைய முதல் பெயர், அடுத்து தாயுடைய முதல் பெயர். முதற்பெயர் சாதாரணமாக இருந்தால் இரண்டாவதாலேயே ஆளைச் சொல்வார்கள். பாப்லோ ருயிஸ் பிக்காஸோவில் ருயிஸ் அப்பாவழி, பிக்காஸோ அம்மாவழி. இந்த முறையில் அம்மாவின் பெயர் பிள்ளையிடம் நிற்கும், பேரப்பிள்ளைக்குப் போகாது. 1999இல் வந்த சட்டத்தால், பெற்றோர் விரும்பினால் வரிசையை மாற்றலாம் என்றானது. 2017இல் தந்தை பெயருக்கு இருந்த முன்னுரிமையும் நீங்கியது. எழுதும்போது ஃபெர்னாண்டெஸை எஃப், டி, இ, இஸட் என்ற நான்கே எழுத்தாகச் சுருக்கிப் புள்ளி வைப்பதும் அங்கே அன்றாட வழக்கம்.

அண்டை நாடான போர்த்துகலிலும் ‘ஃப’ கரையவில்லை, வாலும் உண்டு. அங்கே அது ஃபெர்னாண்டெஷ். 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர் கத்தோலிக்க மதத்தைத் தழுவியபோது, போர்த்துகீசியப் பெயர்கள் தூத்துக்குடிக் கரைக்கு வந்தன. இன்று அந்தக் கரையில் பெர்னாண்டஸும் உண்டு, ரொட்ரிகோவும் உண்டு. இலங்கையின் மேற்குக் கரையிலும் தூத்துக்குடியிலும் நிறையக் கேட்கும் பர்னாந்துவைச் சொல்லிப் பாருங்கள். சாஞ்சோ கார்ஸியாவின் பெயரைப் போல, அதிலும் வால் இல்லை.