டோனர் சிகிச்சையும் தாய்மாமன் மடியும்

"மேடம், காது குத்தும்போது என் தம்பி மடியிலதானே உட்கார வைப்பாங்க? அவன் அப்போ நிஜமாவே தாய்மாமனா?"

கருமுட்டைக் கொடை பற்றிப் பேச வந்த ஒரு பெண் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. வயது முப்பத்தைந்துதான், ஆனால் சினைப்பையில் முட்டை இருப்பு கிட்டத்தட்ட தீர்ந்துவிட்டது, இரண்டு முறை ஐவிஎஃப் (உடலுக்கு வெளியே கருவை உருவாக்கிக் கருப்பையில் வைக்கும் சிகிச்சை) செய்தும் கரு நிற்கவில்லை. செலவு எவ்வளவு, வெற்றி வாய்ப்பு எவ்வளவு, இதையெல்லாம் அவர் கேட்கவே இல்லை. கையிலிருந்த ஸ்கேன் கவரின் ஓரத்தைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தார். கணவர் பக்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கருத்தரிப்பு மையங்களில் ஆலோசகராக எனக்கு இது பதினான்காவது வருஷம். (இங்கே சொல்கிற குடும்பங்களின் ஊர், வயது, தொழில் எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.) அந்தக் கேள்வியைச் சின்னக் கேள்வியாக நான் நினைக்கவில்லை. நம்மூரில் பிள்ளைக்கு முதல் மொட்டை, காது குத்து, பெண் பிள்ளை என்றால் சடங்கு, அப்புறம் கல்யாணச் சீர் என்று ஒவ்வொரு கட்டத்திலும் அம்மாவோடு கூடப்பிறந்தவனுக்கு ஓர் இடம் இருக்கிறது. முட்டை இன்னொருவருடையது என்றதும், தன் தாய்மை மட்டுமல்ல, பிறந்த வீட்டோடு தன் பிள்ளைக்கு இருக்கப்போகிற மொத்த உறவுமே அந்தரத்தில் தொங்குகிற மாதிரி அவருக்குப் பட்டிருக்கிறது. டாக்டர் அறையில் 'டோனர் எக் போகலாம்' என்று இரண்டு நிமிஷத்தில் முடிந்துபோகிற பேச்சு, வீட்டுக்குப் போனதும் இப்படித்தான் விரியும்.

யாருக்கெல்லாம் இது தேவைப்படுகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாற்பது வயதுக்கு முன்பே சினைப்பை செயலிழந்த பெண்கள், புற்றுநோய்க்கு கீமோவோ கதிர்வீச்சோ எடுத்தவர்கள், வயது கூடிப்போய் சொந்த முட்டையில் கரு தங்காதவர்கள். ஆண்களில், விந்தில் அணுவே இல்லாமல், விதையிலிருந்து நேரடியாக எடுக்கப் பார்த்தும் கிடைக்காதவர்கள். பிள்ளைக்குக் கடத்திவிடக்கூடிய கடுமையான மரபணு நோய் உள்ளவர்கள் இரண்டு பக்கமும் உண்டு.

இதில் ஆண்கள் பக்கம்தான் மௌனம் அதிகம், அந்த மௌனத்தின் பாரத்தைச் சுமப்பது பெரும்பாலும் பெண். ஒரு வீட்டில் ஏழு வருஷமாக மருமகளைத்தான் மாமியார் கோவில் கோவிலாக அழைத்துப் போனார், அரசமரம் சுற்றச் சொன்னார், வளைகாப்பு வீடுகளில் முன்னால் வராதே என்றார், தெருவில் யாராவது 'விசேஷம் ஒண்ணும் இல்லையா' என்று கேட்டால் தலைகுனிந்ததும் அவள்தான். பையனின் ரிப்போர்ட்டில் 'அணுக்கள் இல்லை' என்று எழுதியிருந்தது புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். அந்த மனிதர் கெட்டவர் இல்லை. என் முன்னால் உடைந்து அழுதார். "பிள்ளை பொறந்ததும் எங்கம்மா 'அப்பனை உரிச்சு வச்சிருக்கு'ன்னு சொல்லுவாங்க மேடம். நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்?"

பிறந்த பிள்ளையைப் பார்க்க வருகிறவர்கள் நம்மூரில் முதலில் பேசுவதே ஜாடையைப் பற்றித்தான். மூக்கு பாட்டி மாதிரி, காது பெரியப்பா மாதிரி என்று ஆளுக்கொரு பங்கு எடுத்துக்கொள்வார்கள். அன்பாகச் சொல்கிற பேச்சுத்தான், ஆனால் டோனர் வழியாகப் பெற்றவர்களுக்கு அது ஒவ்வொரு முறையும் சுருக்கென்று குத்தும். அதனால்தான், டோனர் வேண்டும் என்று டாக்டர் சொன்ன அதே வாரத்தில் ஊசியைத் தொடங்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். தன் முகம், தன் அப்பா முகம், இனி ஒரு பிள்ளையில் வராது என்பது பெரிய இழப்பு. அதற்கு அழ வேண்டும், இரண்டு மூன்று மாதமாவது வேண்டும். அழாமல் தாண்டிப்போகிறவர்களுக்கு அந்தத் துக்கம் பிள்ளை கையில் இருக்கும்போது வந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ரகசியம் இந்தச் சிகிச்சையோடு கூடவே பிறந்தது. 1884-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் வில்லியம் பேன்கோஸ்ட் என்ற மருத்துவர், குழந்தையில்லாத ஒரு வியாபாரியின் மனைவிக்குக் குளோரோஃபார்ம் கொடுத்து, மருத்துவ மாணவர் ஒருவரின் விந்தைச் செலுத்தினார். மனைவியிடம் சொல்லவில்லை. கணவனிடமே பிறகுதான் சொன்னார், அவரும் மனைவிக்குத் தெரிய வேண்டாம் என்றுவிட்டார். அப்போது அங்கே மாணவராக இருந்த ஒருவர் 1909-ல் மருத்துவ இதழில் எழுதியதால்தான் உலகத்துக்கே தெரிந்தது. அந்தம்மாவை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். தன் உடம்பில் நடந்ததைத் தான் மட்டும் அறியாமல் ஒரு பிள்ளையைப் பெற்று வளர்த்தவர்.

இன்றைக்கு இந்தியாவில் அப்படிச் செய்ய முடியாது. செயற்கை இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் 2021-ல் இயற்றப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் எதுவும் செய்யக்கூடாது. முட்டையோ விந்தோ இதற்கென்றே பதிவு பெற்ற வங்கி வழியாகத்தான் வர வேண்டும். விந்து தருபவருக்கு 21 முதல் 55 வயது, முட்டை தருபவருக்கு 23 முதல் 35. ஒரு பெண் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் தரலாம், ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக்கூடாது. ஒருவருடைய முட்டையையோ விந்தையோ ஒரு தம்பதிக்கு மேல் கொடுக்கக்கூடாது. முட்டை தரும் பெண்ணுக்கு 12 மாதக் காப்பீட்டை நீங்கள்தான் எடுக்க வேண்டும். பிறக்கிற பிள்ளை சட்டப்படி உங்கள் பிள்ளை, சொத்து உட்பட எல்லா உரிமையும் உண்டு, கொடையாளிக்குப் பிள்ளை மேல் எந்த உரிமையும் கிடையாது.

காப்பீடு பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் 'அதெல்லாம் எதுக்கு, காசு குடுத்தாச்சே' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். முட்டை தருபவர் பத்துப் பன்னிரண்டு நாள் தினமும் ஊசி போட்டுக்கொள்கிறார், மயக்க மருந்து எடுத்துக்கொள்கிறார், சிலருக்கு சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு வயிறு வீங்கி ஆஸ்பத்திரியில் சேர வேண்டியிருக்கும். 2022-ல் ஈரோட்டில் வெளிவந்த விவகாரம் ஞாபகம் இருக்கும்: பதினாறு வயதுப் பெண்ணை, ஆதார் அட்டையில் வயதைத் திருத்தி, பெற்ற தாயே திரும்பத் திரும்ப முட்டை எடுக்க அழைத்துப்போன கொடுமை. அந்த முட்டைகளை வாங்கிக்கொண்ட தம்பதிகளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அதனால் கேளுங்கள். வங்கியின் பதிவு எண் என்ன, கொடையாளியின் வயதை எப்படிச் சரிபார்த்தீர்கள், காப்பீட்டுத் தாள் எங்கே? கேட்டால் முகம் சுளிக்கிற இடத்தில் சிகிச்சை எடுக்காதீர்கள்.

கேட்க வேண்டாத ஒரு கேள்வியும் இருக்கிறது. 'டோனர் நம்ம ஆளுங்களா?' படித்தவர், பெரிய வேலையில் இருப்பவர் என்று வித்தியாசமில்லாமல் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கிறார்கள். விந்தணுவில் சாதி இல்லை. ரத்த வகை, உயரம், நிறம் ஓரளவு பொருத்திப் பார்ப்பார்கள், எச்ஐவி, மஞ்சள்காமாலை பி, சி, சிபிலிஸ் பரிசோதிப்பார்கள். பிள்ளைக்கு வேண்டியது அவ்வளவுதான். சாதி தெரியாவிட்டால் இந்தப் பிள்ளையை முழுதாக ஏற்க முடியாது என்று தோன்றினால், தயவுசெய்து இந்தச் சிகிச்சையைத் தள்ளிப்போடுங்கள்.

ஆறுதலுக்காகச் சில மையங்களில் சொல்லப்படும் இன்னொரு வார்த்தையும் எனக்கு ஒப்பவில்லை: 'உங்க ரத்தம்தான் பிள்ளைக்கு ஓடுது, உங்க ஜாடையிலதான் பிறக்கும்.' அப்படி இல்லை. தாயின் ரத்தமும் சிசுவின் ரத்தமும் நஞ்சுக்கொடியில் அருகருகே ஓடுகின்றன, கலப்பதில்லை. தாய்வழி மரபணு முட்டை தந்தவருடையதுதான். உங்கள் சாப்பாடு, சர்க்கரை, ரத்த அழுத்தம், நிம்மதி எல்லாம் அந்தப் பிள்ளையின் வளர்ச்சியைப் பாதிக்கும், பத்து மாதம் அது கேட்பது உங்கள் குரலை, குடிக்கப்போவது உங்கள் பாலை. இந்த உண்மையே போதுமான அளவுக்குப் பெரியது. பொய்யான ஆறுதலில் தொடங்கினால், பிள்ளையிடம் உண்மை சொல்ல வேண்டிய நாளில் நாக்கு எழாது.

சொல்லத்தான் வேண்டுமா? வேண்டும் என்பதே என் முடிவு, அதுவும் பிள்ளை சின்னதாக இருக்கும்போதே. ஆரம்ப வருஷங்களில் நானும் 'யாரிடமும் மூச்சு விடாதீங்க' என்று சொல்லி அனுப்பியவள்தான். அப்படி அனுப்பிய ஒரு வீட்டில், சொத்துச் சண்டையில் சித்தப்பா ஒருவர் அந்த வீட்டுப் பையனின் முகத்துக்கு நேரே போட்டு உடைத்துவிட்டார். அவன் அப்பாவிடம் கேட்டது டோனரைப் பற்றி இல்லை. "சித்தப்பாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியாதா?" என்றுதான் கேட்டான். அதற்குப் பிறகு நான் அந்த வார்த்தையை யாரிடமும் சொல்லவில்லை.

மறைக்கவும் முடியாது என்பது இன்னொரு பக்கம். ஏபிஓ ரத்த வகை எப்படி வருகிறது என்பது பிளஸ் டூ உயிரியல் பாடத்திலேயே இருக்கிறது. டெல்லியில் இரட்டைக் குழந்தைகள் பெற்ற ஒரு தம்பதி, தாங்கள் பி பாசிட்டிவும் ஓ நெகட்டிவும் என்றிருக்க ஒரு குழந்தைக்கு மட்டும் ஏபி எப்படி வந்தது என்று யோசித்து, டிஎன்ஏ பரிசோதனை செய்துதான் மருத்துவமனை வேறு யாருடைய விந்தையோ பயன்படுத்திவிட்டது என்று கண்டுபிடித்தார்கள். 2023-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் 1.5 கோடி ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அது தவறால் நேர்ந்தது, உங்களுடையது விரும்பிச் செய்தது. ஆனால் உண்மை வெளியே வருகிற வாசல் ஒன்றுதான்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் சூசன் கோலம்போக் குழுவினர், டோனர் வழியாகவும் வாடகைத் தாய் வழியாகவும் பிறந்த பிள்ளைகளை இருபது வயது வரை தொடர்ந்து கவனித்து 2023-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். மற்றக் குடும்பங்களோடு ஒப்பிட்டால் இவர்களின் மனநலத்திலோ தாயோடுள்ள உறவிலோ குறையில்லை, ஏழு வயதுக்கு முன்பே சொல்லப்பட்ட பிள்ளைகளின் நிலை இன்னும் நன்றாக இருந்தது. ஸ்வீடன் 1985-லேயே கொடையாளியை அறியும் உரிமையைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டது. பிரிட்டனில் 2005 ஏப்ரலுக்குப் பிறகு பதிவு செய்த கொடையாளிகளைப் பிள்ளை பதினெட்டு வயதில் அறியலாம். இந்தியாவில் அந்த வழி இன்னும் இல்லை, இங்கே பெயர் தெரியாத கொடைதான். அதனால் தெரிந்த கொஞ்சத்தையாவது பத்திரப்படுத்துங்கள். ரத்த வகை, உயரம், வயது, சிகிச்சை நடந்த தேதி, வங்கியின் பெயர், எல்லாம் ஒரு கோப்பில் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழோடு இருக்கட்டும்.

எப்படிச் சொல்வது என்பதில் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. நாம் பால்காரரை அண்ணன் என்போம், கண்டக்டரை மாமா என்போம், முன்பின் தெரியாதவருக்கும் ஒரு முறை வைத்துத்தான் நமக்குக் கூப்பிடவே வரும். ஒரு அம்மா மூன்றரை வயது மகளிடம் "ஒரு அத்தை முட்டை குடுத்தாங்க" என்று அழகாகத்தான் சொன்னார். அடுத்த மாதம் ஒரு கல்யாண வீட்டில் பந்தி நடந்துகொண்டிருக்கும்போது, சேலை கட்டிய ஒவ்வொருவரிடமும் அந்தப் பிள்ளை போய் "நீங்கதான் அந்த அத்தையா?" என்று கேட்டிருக்கிறது. அதனால் முறை வைக்காதீர்கள். 'உதவி பண்ணினவங்க' என்று சொல்லுங்கள், 'நமக்கு அவங்க பேர் தெரியாது' என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். அம்மா வயித்துல நீ வளர ஒரு குட்டி முட்டை வேணும், அம்மாகிட்ட அது தீர்ந்துபோச்சு, ஒருத்தங்க குடுத்து உதவினாங்க, டாக்டர் எடுத்து வச்சாங்க, அப்புறம் நீ வந்த. இவ்வளவு போதும். குளிப்பாட்டும்போது, தலை வாரும்போது, கதையோடு கதையாக அடிக்கடி சொல்லுங்கள். ஒரே நாளில் உட்காரவைத்துச் சொல்கிற விஷயமாக ஆக்கிவிடாதீர்கள்.

தாய்மாமன் விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பெண்ணிடம் நான் சொன்னது இதுதான்: பிள்ளை உங்களை அம்மா என்று கூப்பிடும்போது உங்கள் தம்பி தானாகவே மாமன் ஆகிவிடுகிறார், ஆனால் அவருக்குத் தெரியாமல் அந்த மடியில் உட்கார வைத்தால் உங்களுக்குத்தான் அன்றைக்கு நிம்மதி இருக்காது. ஐந்தாம் மாதத்தில் தம்பியிடம் சொன்னார். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டாராம். இரண்டு நாள் போன் இல்லை. இவர் சாப்பாடு இறங்காமல் எனக்குப் போன் செய்து அழுதார். மூன்றாம் நாள் காலையில் தம்பி கூப்பிட்டு, "அக்கா, தோடு எத்தனை கிராம்ல எடுக்கணும்? பவுன் ஏறிக்கிட்டே போகுது, இப்பவே வாங்கி வச்சுர்றேன்" என்று கேட்டிருக்கிறார்.

குலதெய்வம் கோவிலில் காது குத்திய போட்டோ என் போனில் இருக்கிறது. சந்தனம் பூசிய மொட்டைத்தலை, வாயைப் பிளந்து அழுகை, தம்பியின் புது வேட்டி முழுக்கப் பிள்ளையின் எச்சிலும் வாழைப்பழமும். பிள்ளைக்கு அடுத்த மாதம் மூன்று வயது. சொல்ல ஆரம்பிக்கலாமா, எந்த வார்த்தையில் ஆரம்பிக்கலாம் என்று கேட்டு வருகிற வியாழக்கிழமை வருகிறார்கள். இந்த முறை தம்பியையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.