வைஃபை வாங்கினேன், சிடி வந்தது

கல்லூரியில் படிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்த விலையில்லா மடிக்கணினி இப்போது என்னிடம் இருக்கிறது. அதில் வைஃபை செத்துப்போய்விட்டது. முந்நூறு ரூபாய்க்கு பெயர் தெரியாத யூஎஸ்பி டாங்கிள் ஒன்று வாங்கி லினக்ஸில் செருகினால், வைஃபை வரவில்லை. ஒரு சிடி டிரைவ்தான் வந்து நிற்கிறது. ஏமாந்துவிட்டேனா?"

ஏமாறவில்லை தம்பி. உங்கள் டாங்கிள் வேஷம் கட்டிக்கொண்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான். வேஷத்தைக் கலைக்க ஒரு மந்திரம் உண்டு. அதற்கு முன், செருகியதும் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

யூஎஸ்பி 2.0-வில் நான்கு கம்பிகள். இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. ஒன்றும் செருகாதபோது தகவல் கம்பிகள் இரண்டும் பூஜ்ஜியத்தில் கிடக்கும். டாங்கிளைச் செருகியதும், அதனுள் இருக்கும் 1.5 கிலோ ஓம் மின்தடை அவற்றில் ஒன்றை 3.3 வோல்ட் பக்கம் இழுக்கிறது. வகுப்பில் புதுப் பையன் கை தூக்குகிற மாதிரி. கணினி உடனே "யாரப்பா நீ?" என்று கேட்டு, 1 முதல் 127-க்குள் ஒரு எண்ணை இருக்கையாகக் கொடுக்கிறது. டாங்கிள் 18 பைட்டில் தன் ஜாதகத்தை ஒப்பிக்கிறது.

அந்த 18-இல் நமக்கு வேண்டியது நாலே பைட். 9, 10-ஆம் பைட்டுகள் நிறுவனத்தின் எண். 11, 12-ஆம் பைட்டுகள் பொருளின் எண். பதினாறடிமான எண்கள் என்பதால் 9-க்குப் பிறகு ஏ, பி, சி என்று எழுத்துகளும் வரும். ரியல்டெக் நிறுவனத்தின் எண் 0பிடிஏ. அதன் பழைய, மலிவான ஆர்டிஎல்8188இயூஎஸ் சிப்பின் முழு அடையாளம் 0பிடிஏ:8179. லினக்ஸின் டெர்மினலில் எல்எஸ்யூஎஸ்பி (lsusb) என்று தட்டினால் இது தெரியும். விண்டோஸில் டிவைஸ் மேனேஜருக்குள் ஹார்டுவேர் ஐடி என்ற இடத்தில் இருக்கும்.

ஒரு கருவியை இயக்கக் கணினிக்குச் சொல்லித்தரும் நிரல்தான் டிரைவர். ஒவ்வொரு டிரைவரும் "எனக்கு இந்த எண்களைத் தெரியும்" என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. எண் பொருந்தினால் டிரைவர் ஏறும், பொருந்தாவிட்டால் இல்லை. சிப்பைத் திறந்து பார்ப்பதெல்லாம் கிடையாது. கைரேகை வருவதற்கு முந்தைய ரேஷன் கடை போல: ஆளைப் பார்ப்பதில்லை, அட்டை எண்ணைத்தான் பார்ப்பார்கள். 2014-இல் எஃப்டிடிஐ என்ற ஸ்காட்லாந்து நிறுவனத்தின் விண்டோஸ் டிரைவர், தன் சிப்பின் போலிகளைக் கண்டால் அவற்றின் பொருள் எண்ணைப் பூஜ்ஜியமாக மாற்றி எழுதிவிட்டது. சிப்புக்கு உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. ஆனாலும் எந்தக் கணினிக்கும் அது யாரென்று தெரியாமல் போயிற்று.

இப்போது உங்கள் சிடிக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

வைஃபை வேலை செய்ய டிரைவர் வேண்டும். டிரைவரை இறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு வைஃபை வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதை. முன்பு பெட்டிக்குள் ஒரு குட்டி சிடி போட்டுக் கொடுத்தார்கள். கணினிகளில் சிடி டிரைவே ஒழிந்த பிறகு என்ன செய்வது? விண்டோஸ் டிரைவரை டாங்கிளுக்குள்ளேயே சேமித்து, "நான் ஒரு சிடி" என்று சொல்ல வைத்துவிட்டார்கள். பழைய ஹுவாவே 3ஜி டேட்டா கார்டுகள் செய்ததும் இதே தந்திரம்தான். ரியல்டெக்கில் இந்த வேஷத்தின் எண் 0பிடிஏ:1ஏ2பி.

வேஷத்தை எப்படிக் கலைப்பது? "வைஃபையாக மாறு" என்று ஒரு கட்டளையை யாரும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஏற்கெனவே இருந்த ஒன்றையே எடுத்துக்கொண்டார்கள். அதுதான் சிடியை வெளியே தள்ளும் எஜெக்ட் கட்டளை!

அது ஸ்கஸி என்ற 1980-களின் மொழியிலிருந்து வருகிறது. யூஎஸ்பி அதை 31 பைட் உறைக்குள் வைத்து அனுப்பும். உறையின் தலையில் யூ, எஸ், பி, சி என்ற நான்கு எழுத்துகள். உள்ளே 27-ஆம் எண் கட்டளை: சுழற்று அல்லது நிறுத்து. அதோடு 2 என்று ஒரு பைட்: தட்டை வெளியே தள்ளு. மற்றவை பெரும்பாலும் வெறும் பூஜ்ஜியங்கள். நிஜ சிடி டிரைவாக இருந்தால் தட்டு சர்ரென்று வெளியே வரும். டாங்கிளில் தட்டும் இல்லை, மோட்டாரும் இல்லை. அது என்ன செய்கிறது என்றால், தூக்கிய கையைக் கீழே போடுகிறது. கணினி "யாரோ பிடுங்கிவிட்டார்கள்" என்று நினைத்துக்கொள்கிறது. டாங்கிளோ போர்ட்டை விட்டு ஒரு மில்லிமீட்டர்கூட நகரவில்லை. மறுபடி கை தூக்குகிறது. மறுபடி "யாரப்பா நீ?" இம்முறை வேறு 18 பைட், வேறு எண், உதாரணமாக 0பிடிஏ:சி820. வைஃபை!

விண்டோஸில் இறக்கிய டிரைவரே இந்தக் கட்டளையை அனுப்பிவிடும். லினக்ஸில் யூஎஸ்பி-மோட்ஸ்விட்ச் என்ற சிறு நிரல் அனுப்பும். அது இல்லையென்றால், அந்த சிடி படத்தின் மேல் வலது சொடுக்கி எஜெக்ட் கொடுத்துப் பாருங்கள். பல டாங்கிள்களுக்கு அதுவே போதும்.

எண் மாறிய பின் அதற்கான டிரைவரைத் தேட வேண்டும். பெட்டியில் அச்சிட்ட பெயரை வைத்துத் தேடாதீர்கள். டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் என்ற ஒரே பெயரில், முதல் பதிப்புக்குள் ஏதரோஸ் சிப். இரண்டாம் பதிப்புக்குள் ரியல்டெக். அடையாள எண்ணை வைத்துத் தேடுங்கள். "எல்லா டிரைவரும் ஒரே சொடுக்கில்" என்று கூவும் மென்பொருள்கள் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம். ஆயுத பூஜைக்கு டாங்கிளுக்குப் பொட்டு வைப்பதால் கெடுதல் ஒன்றுமில்லை. அந்த மென்பொருள்களால் உண்டு. டிரைவரோடு ஃபர்ம்வேர் கோப்பும் இருக்க வேண்டும். இந்தச் சிப்புகள் தம் நிரலைத் தமக்குள் வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு முறை செருகும்போதும் கணினிதான் ஊட்டிவிட வேண்டும்.

சி820-ஐ அறிந்த டிரைவர் லினக்ஸின் மைய நிரலான கெர்னலுக்குள் வந்ததே 6.2 பதிப்பில், 2023-இல்தான். ஜெர்மனியின் பெங்குட்ரானிக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த சாஷா ஹாவர் அந்த யூஎஸ்பி பகுதியைச் சேர்த்தார். அதுவரை ஆர்வலர்கள் யாராவது ஒட்டுப்போட்டு வைத்த நிரலைத்தான் நாமே தொகுத்து ஏற்ற வேண்டியிருந்தது. உங்கள் அக்காவின் மடிக்கணினியோடு வந்த பாஸ் லினக்ஸைச் செய்தது மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம், மக்கள் பணத்தில். அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் புதுப்புது லினக்ஸ் செய்ய ஒதுக்கும் பணத்தில் கொஞ்சத்தை, இப்படி டிரைவர் எழுதும் நாலு பேருக்குச் சம்பளமாகக் கொடுத்தால், லட்சக்கணக்கான பழைய கணினிகள் இன்னும் சில ஆண்டுகள் ஓடும் என்பது என் கட்சி.

தம்பி, முதலில் எஜெக்ட் செய்யுங்கள். பிறகு எல்எஸ்யூஎஸ்பி தட்டி, எண் மாறியதா என்று பாருங்கள். சி820 என்று வந்து, கெர்னல் 6.2-க்கு முந்தையதாக இருந்தால், லினக்ஸைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். அதற்கு இணையம் வேண்டுமே என்கிறீர்களா? கைபேசியை யூஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போடுங்கள். அதற்கான டிரைவர் பழைய கெர்னலிலும் உண்டு.