சித்திரவதை: சொல்லும் பொருளும்

ஒப்புதல் வாக்குமூலமோ தகவலோ பெறுவதற்காகவும், சில வேளைகளில் வெறும் தண்டனையாகவும், அதிகாரத்தில் இருப்பவர்கள் வேண்டுமென்றே ஒருவருக்கு இழைக்கும் கடும் வேதனையே சித்திரவதை. பல்வலிக்கும் மாமியார் கொடுமைக்கும்கூட இச்சொல்லைத் தாராளமாக வழங்குகிறோம் என்றாலும், பிறப்பால் இது அரச தண்டனையைக் குறித்த சொல்.

இதில் வரும் சித்திரம் ஓவியம் அன்று. வடமொழியில் ‘சித்ர’ என்பதற்கு விதவிதமான என்றும் பொருள் உண்டு. ‘வத’ என்பது கொலை. வருத்தாமல் கொல்வதைச் சுத்தம் என்றும், விதவிதமாக வருத்திக் கொல்வதைச் சித்திரம் என்றும் அர்த்தசாஸ்திரம் பிரிக்கிறது. விசாரணையில் அடித்து வருத்தும் முறைகளை வகுத்துரைக்கும் அதே நூல், பிராமணரையும் தவசியரையும் ஒற்றர் மூலம் கண்காணித்தால் போதும் என்று விலக்களிக்கிறது. மனுஸ்மிருதியின் ஒன்பதாம் அத்தியாயமோ, பிராமணரை வேண்டுமென்றே வருத்தும் கீழ்வருணத்தானை அச்சமூட்டும் பல்வகைக் கொலைமுறைகளால் கொல்லுமாறு அரசனுக்கு விதிக்கிறது. அங்கும் ‘சித்ர’ என்னும் சொல்லே ஆளப்பட்டுள்ளது. யாருடைய உடல் நோகலாம் என்பதையும் தர்மமே தீர்மானித்தது.

தமிழ்ப் புராணங்களும் இதற்கு விலக்கல்ல. கொல்லாமையைப் போதித்த சமணர்களின் சொற்கேட்டுப் பல்லவ மன்னன் அப்பரை நீற்றறையில் (சுண்ணாம்புக் காளவாயில்) அடைத்தான் என்றும், சம்பந்தரிடம் வாதில் தோற்ற எண்ணாயிரம் சமணர் மதுரையில் கழுவேறினர் என்றும் பெரியபுராணம் கூறுகிறது. இவை வரலாறா என்பது தனி வழக்கு; பக்திப் பெருமையாகவே சொல்லப்பட்டு வந்தன என்பதுதான் கவனிக்கத்தக்கது. திருவொற்றியூரில் கடலோரம் சமாதி கொண்ட பட்டினத்தாரின் கதை இன்னும் கூர்மையானது. அரண்மனையில் திருடிய கள்வர்கள் நேர்ந்துகொண்டபடி பிள்ளையாருக்கு ஓர் ஆரத்தை வீசிச் செல்ல, அது நிட்டையில் இருந்தவரின் கழுத்தில் விழுகிறது. மன்னன் விசாரிக்காமலே அவரைக் கழுவேற்றச் சொல்கிறான். கழுமரம் எரிந்ததால் அவர் பிழைத்தார் என்பது கதை. கழுமரம் எரியாத வழக்குகளைப் பாட ஆளில்லை.

வெள்ளையர் ஆட்சியும் விதிவிலக்கன்று. சென்னை மாகாணச் சித்திரவதைப் புகார்களை விசாரித்த ஆணையம் 1855இல் அளித்த அறிக்கையில், நிலவரி வசூலிக்கக் குடியானவர்களின் விரல்களை மரக்கட்டைகளுக்கிடையே நெரிக்கும் ‘கிட்டி’யும், உடலை வளைத்துக் கயிற்றால் பிணைக்கும் ‘அண்ணாந்தாள்’ முறையும் பதிவாகியுள்ளன. வரிப்பணம் கிழக்கிந்தியக் கும்பினியின் கருவூலத்துக்குச் சென்றது. பழியோ உள்ளூர்ச் சிப்பந்திகள்மீது மட்டும் விழுந்தது.

சரியான தமிழ்ச்சொல் எது? ‘வன்கொடுமை’, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைகளைத் தடுக்கும் 1989ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பொருள் இறுகிவிட்டது. ‘துன்புறுத்தல்’ மிக மென்மையானது. குறளின் கொடுங்கோன்மை அதிகாரம், ‘அலைமேற்கொண்டு அல்லவை செய்தொழுகும் வேந்து’ கொலைகாரரினும் கொடியது என்கிறது. குடிகளை வருத்தும் தொழிலே இங்கு ‘அலை’. செய்பவன் அரசன் என்பதும் உடன் வருவதால் பொருத்தமான சொல் இதுவே. ஆனால் இன்று ‘அலைத்தல்’ என்றால் அலுவலகம் அலுவலகமாக நடக்கவிடுவதையே நினைப்பார்கள். ஆகவே பொது வழக்கில் சித்திரவதையே நிற்கட்டும். தனித்தமிழ் வேண்டுவோர் ‘கொடுந்துன்புறுத்தல்’ எனலாம்.

ஐ.நா.வின் சித்திரவதைத் தடுப்பு உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டும் இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை. அரசுத் தாள்களில் இச்சொல் அரிதாகத் தென்படுவதில் வியப்பில்லை. வடசென்னைப் பேச்சிலோ ‘லாடம் கட்டுவது’, ‘முட்டிக்கு முட்டி தட்டுவது’ என அது வெளிப்படையாகவே வழங்குகிறது. கழிப்பறையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லப்படும் கைதியின் கையில் இருப்பதற்கு ‘மாவுக்கட்டு’ என்று பெயர். இப்புதுப் பொருளையும் அகராதிகள் சேர்த்துக்கொள்ள வேண்டும்.